இரண்டு ரமணிகள், ஒரு சமையலறை

போன கோடை விடுமுறையில் என் மகள் ‘ரமணி வெர்சஸ் ரமணி’ பார்க்கத் தொடங்கினாள். பதினாறு வயது. யூடியூபில் வேறெதையோ தேடப்போய் எதிர்ப்பட்டதாம். “அம்மா, நீ காலேஜ் படிக்கும்போது இதைத்தான் பாத்தியா?” என்று அவள் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் நிறுவனத்துக்காக 1998இல் நாகா இயக்கிய நகைச்சுவைத் தொடர் அது. ‘மர்மதேசம்’ எடுத்து இரவில் நம்மைப் பின்கட்டுக்குப் போகவிடாமல் செய்த அதே நாகா. பிருத்விராஜும் வாசுகியும் கணவன் மனைவி. இருவர் பெயரும் ரமணி. 2001இல் ராம்ஜியும் தேவதர்ஷினியும் ரமணிகள் ஆனார்கள். 2022இல் ஆஹா தளத்தில் மூன்றாவது முறையாகவும் வந்தது. நடுவிலிருக்கும் ‘வெர்சஸ்’ நீதிமன்றத்துச் சொல். மணமுறிவைப் பேசிய ‘கிராமர் வெர்சஸ் கிராமர்’ படத்தை அது நினைவூட்டியது. ஆனால் அந்தத் தலைப்பைப் பார்த்து வாதி யார், பிரதிவாதி யார் என்று சொல்ல முடியாது. மனைவியின் பெயர் கணவனின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், இரண்டு பெயரும் ஒரே எடையில் நின்றது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அப்போது நாங்கள் பூந்தமல்லியில் கரையான்சாவடிப் பக்கம் குடியிருந்தோம். அம்மா ஏற்றுமதி கம்பெனிக்கு வீட்டிலேயே பீஸ் கணக்கில் தைத்துக் கொடுப்பார். தொடரில் வருவது நகரத்து நடுத்தர வர்க்க வீடு. எங்கள் தெருவில் யாரும் அப்படிப் பேசமாட்டோம், சோபாவும் கிடையாது. ஆனாலும் மனைவி ரமணி வாய்க்கு வாய் பதில் சொல்லும்போதெல்லாம் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். அப்பா இருக்கிற கூடத்தில், கணவனை எதிர்த்துப் பேசுகிற ஒருத்தியைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பு அது. அதற்காகவே அந்தத் தொடர்மேல் எனக்கு ஒரு நன்றி உண்டு.

மகளுக்கு அந்த நன்றியெல்லாம் கிடையாது. முதல் இரண்டு நாள் நன்றாகவே சிரித்தாள். விஷம் வைக்கிற நாத்தனார் இல்லை, ஒரே முகத்தை மூன்று முறை காட்டுகிற கேமரா இல்லை என்பதெல்லாம் பிடித்திருந்தது. மூன்றாம் நாள் கேட்டாள்: “இவ்ளோ சண்டை போடுறாங்க. காபி யார் போடணும்னு சண்டை போட்டு நான் இன்னும் பாக்கலையே?”

குடும்பம் என்றால் அப்படித்தான் காட்டினார்கள் என்று மழுப்பினேன். அவள் விடவில்லை. “பிக் பாஸ் வீட்டுலகூட சமைக்க ஒரு டீம், பாத்திரம் கழுவ ஒரு டீம்னு பிரிக்கிறாங்கம்மா.” அந்த வீடு எங்களுக்குப் பக்கத்தில், செம்பரம்பாக்கத்து ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில்தான் 2017இல் எழும்பியது. ஒளிந்திருக்கும் கேமராக்களுக்காகக் கட்டப்பட்ட அந்தப் பொய் வீட்டில், பாத்திரம் யார் கழுவுவது என்பது ஊரறிந்த சண்டை. நான் கொண்டாடிய ரமணியின் வீட்டில் அது ஒரு பேச்சே இல்லை என்பது அவளுக்கு வியப்பாக இருந்தது.

அவளுடைய இன்னொரு புகார்தான் என்னை யோசிக்க வைத்தது. “ஒரு கதை முடிஞ்சா எல்லாத்தையும் மறந்துடுறாங்க. அடுத்த கதையில மறுபடி மொதல்லேர்ந்து. அப்போ இவங்க சண்டை போட்டு என்னதான் மாறுச்சு?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. எதிர்த்துப் பேசும் மனைவியைத் தமிழ் சினிமா என்ன செய்தது என்று சொன்னேன். ‘பட்டிக்காடா பட்டணமா’வில் (1972) பட்டணத்து மனைவியைக் கிராமத்துக் கணவன் திருத்துகிறான். ‘மன்னன்’ படத்தில் (1992) தொழிற்சாலையை நடத்திய சாந்தி தேவி கடைசியில் வீட்டோடு அடங்கிவிடுகிறாள். ரமணிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தை ஒட்டித்தான், 1999 ஏப்ரலில் ‘படையப்பா’ வந்தது. நீலாம்பரி தோற்றுச் செத்தாள். இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஒரு முடிவு வேண்டும், அந்த முடிவில் பெண் அடங்க வேண்டும். நகைச்சுவைத் தொடருக்கு முடிவு கிடையாது. அவளை ஒரேயடியாக அடக்கிவிட்டால் அடுத்த கதைக்குச் சண்டை இருக்காது. ஆகவே அவள் வாய் குறையாமல் திரும்பி வந்தே ஆகவேண்டும். எதுவும் மாறாததுதான் அவளுக்குக் கிடைத்த பாதுகாப்பு. பெண்ணுரிமை பேசவேண்டும் என்று யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவரவில்லை, தொடரின் பிழைப்பே அப்படி. 1999 இறுதியில் ‘சித்தி’ தொடங்கி மெகா தொடர்கள் மாலை நேரத்தைப் பிடித்துக்கொண்டபோது, எங்கள் கூடத்தில் சிரிப்பின் இடத்தில் அழுகை வந்து உட்கார்ந்தது. அம்மாவும் சேர்ந்து அழுதார்.

அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’க்கும் இதே விதிதான். மேடை ஏறத் துடிக்கும் லூசி ஏதாவது தில்லுமுல்லு செய்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவாள். அடுத்த வாரம் அதே ஆசையோடு மறுபடி கிளம்புவாள். அவளாக நடித்த லூசில் பால் 1962இல், தொடரைத் தயாரித்த ஸ்டுடியோவையே தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார்.

மகள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, “சரிம்மா, அவ வாய் திரும்பி வருது. அந்தக் கிச்சனும் கூடவே திரும்பி வருதில்ல?” என்றாள்.

அவள் சொன்னதற்கு அரசாங்கத்திடமே கணக்கு இருக்கிறது. 1998 ஜூலை முதல் 1999 ஜூன் வரை மத்தியப் புள்ளியியல் அமைப்பு, யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று ஆறு மாநிலங்களில் 18,591 வீடுகளில் கணக்கெடுத்தது. தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. கூலியில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் வாரத்துக்குச் சுமார் 35 மணி நேரம் கொடுத்தார்கள். ஆண்கள் 4 மணிக்கும் குறைவு. கணக்கெடுப்பாளர் எங்கள் கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தாலும், “வீட்ல சும்மாதான் இருக்கேன்” என்றுதான் அம்மா சொல்லியிருப்பார். 2019இல் நாடு முழுக்க நடந்த கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட, பெண்களுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம்.

இந்த எண்களை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். மகள் அதோடு நிற்கவில்லை. பழைய ரஃப் நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு வாரம் எங்கள் வீட்டைக் கணக்கெடுத்தாள். என் பக்கம் தாளைத் திருப்பிப் பின்னாலும் ஓடியது. அவள் அப்பாவின் பக்கம் அரைப் பக்கத்தில் நின்றது. அதில் ‘தண்ணி கேன் தூக்கி வச்சது’ நான்கு முறை. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இருவரும் சிரிப்பதைப் பார்த்து, “இதான். இப்படித்தான் அதுலயும் சிரிச்சு முடிச்சுடுறாங்க” என்றாள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. பெண்ணெழுத்து பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள், வீட்டில் காபி பற்றி ஒருநாளும் சண்டை போட்டதில்லை. ஏன் போடவில்லை என்று யோசித்தால், போடாத அளவுக்கு அவர் நல்லவர் என்றுதான் முதலில் தோன்றுகிறது. அந்த எண்ணத்தை இப்போது சந்தேகிக்கிறேன்.

கடைசியாக அவள் கேட்டது சின்னக் கேள்வி. “ஆயா எங்க உக்காந்து பாப்பாங்க?”

கண்ணை மூடிப் பார்த்தேன். அப்பா ஈஸி சேரில். தம்பி தரையில், டிவிக்கு மிக அருகே. நான் சுவரில் சாய்ந்து. அம்மா சமையலறை வாசலில், நிலையில் ஒரு தோளைச் சாய்த்து, கையில் கரண்டியோடு. முந்தானையால் வாயை மூடியது இன்னொரு கை. உட்கார்ந்து பார்த்ததாக ஒரு நாள்கூட ஞாபகத்தில் இல்லை.

அன்று மாலை தம்பி வீட்டிலிருக்கும் அம்மாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். “யாரு, அந்த ரமணியா? நல்லா வாயாடுவாளே!” என்று உடனே சொன்னார். எந்தக் கதை பிடிக்கும் என்று பேத்தி கேட்டாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“கதைன்னா முழுசா தெரியாதும்மா. அவ பேசுறது உள்ள வரைக்கும் கேக்கும். அவன் என்ன பதில் சொன்னான்னு கேக்கறதுக்குள்ள குக்கர் விசில் வந்துடும்.”