மாரத்தான் ஓட்டமும் காலக் கணக்கும்

கரமனை ஆற்றுப் பாலத்திலிருந்து நாகர்கோயிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையைத் தமிழன்பர் பலர் அறிவர். நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து, களியக்காவிளையில் கேரள எல்லையை விட்டுத் தமிழ்நாட்டினுள் புகுந்து, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக அது செல்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1ஆம் நாள் மாநில எல்லைகள் மாற்றப்படும் வரையில் இவ்வழி முழுவதும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தது. கரமனைத் தெருக்களில் வளர்ந்து இன்று தில்லியிலோ பம்பாயிலோ அலுவல் பார்ப்பவர்க்கு இவ்வூர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே ஒரு பஸ் பயணம் நினைவுக்கு வந்துவிடும். இப்பாலத்தில் தொடங்கி ஒருவர் ஓடிச் செல்வாராயின், 42 கிலோமீட்டர் 195 மீட்டர் என்னும் மாரத்தான் தூரம் மார்த்தாண்டத்துக்கும் தக்கலைக்கும் இடையே முடிவுறும். நெய்யாற்றின்கரையைக் கடந்த சிறிது தொலைவில் பாதி வழி வந்துவிடும்.

அப்பாதி வழியை ஒருவர் 2 மணி நேரத்தில் ஓடிவிடுகிறார் எனக் கொள்வோம். முழுத் தூரத்தையும் ஓடி முடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? நான்கு மணி என்று குழந்தையும் சொல்லும். ஆனால் உடல் களைப்படையும் பொருளாதலால், அவ்விடை பொருந்தாது. பொருந்தும் விடை யாது என்னும் ஆராய்ச்சிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் நம் நாட்டில் பிறந்தவர். வானொலி கேட்கும் யாவரும் நன்றியுடன் நினைக்க வேண்டியவர்.

அவர் பெயர் ஆர்தர் எட்வின் கென்னெலி. 1861இல் பம்பாய்க் கொலாபாவில் பிறந்தார். தந்தித் தொழில் கற்று, பின் அமெரிக்கா சென்று எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி, 1902இல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் மின்பொறியியல் பேராசிரியரானார். மார்க்கோனியின் வானலைகள் அட்லாண்டிக் கடலைத் தாண்டியது எவ்வாறு என்று அறிஞர் திகைத்திருந்த காலம் அது. வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னூட்டம் பெற்ற ஒரு படலம் உண்டு. அலைகள் அதிற்பட்டுத் திரும்புகின்றன என்று அவ்வாண்டிலேயே அவர் எழுதினார். இங்கிலாந்தில் ஹெவிசைடும் அதனையே தனித்து உரைத்தார். இருவர் பெயராலும் அப்படலம் வழங்கலாயிற்று. தொலைநாட்டுச் சிற்றலை ஒலிபரப்புகள் நம் வீட்டுப் பெட்டியை வந்தடைந்தது இத்தகைய மேல்வளிப் படலங்களின் உதவியாலேயே.

இத்தகைய அறிஞர் 1906இல், பந்தயக் குதிரைகளும் மனிதரும் களைப்படையும் விதத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓட்டம், நடை, நீச்சல், படகு, சறுக்கல் எனப் பலவகைப் பந்தயங்களின் சிறந்த காலங்களைத் திரட்டி வரைபடத்தில் இட்டபோது, அவை யாவும் ஏறக்குறைய ஒரே விதிக்கு அடங்கக் கண்டார். நாம் கலைப் பிரிவில் பயின்றவர். கணிதக் குறியீடுகளை நேயர்மேல் சுமத்த விரும்பவில்லை. சுருங்கச் சொன்னால், தூரம் 2 மடங்கானால் காலம் 2.18 மடங்காகும் என்பது அவ்விதி. அதன்படி, பாதி வழியை 2 மணியில் ஓடியவர் முழு வழிக்கு ஏறக்குறைய 4 மணி இருபத்தொன்றரை நிமிஷம் எடுத்துக்கொள்வார். சீரான வேகமே சிறந்த வேகம் என்பதும் அவர் வற்புறுத்திய கருத்து.

இக்கணக்கெல்லாம் நம் நாட்டில் எவர்க்கும் தெரியாதிருந்த காலத்தில், காலத்தை அளந்து ஓட்டக்காரரைத் தேர்ந்த நிகழ்ச்சி ஒன்று பூனாவில் நடந்தது. 1919இல் டெக்கான் ஜிம்கானாவின் விளையாட்டுப் பந்தயங்களுக்குத் தொழிலதிபர் தோராப்ஜி டாட்டா தலைமை வகித்தார். உழவர் குடியில் வந்த இளைஞர் வெறுங்காலுடன் கரடுமுரடான தரையில் ஓடினர். அவர்களைப் பயிற்றுவித்தவர் எவருமிலர். எனினும் அவர்களுட் சிலரது காலம் ஐரோப்பிய ஓட்டக்காரரின் காலத்தை அண்மி நின்றதை டாட்டா கவனித்தார். அவர்களை ஒலிம்பிக்குக்கு அனுப்பலாமே என்று எண்ணினார். ஆனால் உடனிருந்த நிர்வாகி ஒருவர்க்கோ, 100 கஜ ஓட்டத்துக்கு அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் வரை ஆகலாம் என்பதே கருத்தாம்! அங்கே நிமிஷமன்று, விநாடியின் பத்திலொரு பங்கே வெற்றியை நிர்ணயிக்கிறது என்றபோது அவர்கள் மலைத்துப் போயினர். பத்தாண்டு கழித்துத் தாம் எழுதிய கடிதமொன்றில் டாட்டாவே இதனை வேடிக்கையாகக் குறிப்பிட்டுள்ளார்.

அவ்வெண்ணத்தின் பயனாக 1920இல் ஆண்ட்வெர்ப் நகருக்குச் சென்றவருள் பெல்காம் பகுதியைச் சேர்ந்த பி. டி. சௌகுலே ஒருவர். அவ்வாண்டின் மாரத்தான் பாதை 42.75 கிலோமீட்டர்; இன்றைய அளவினும் நீண்டது. 1908இல் லண்டனில் ஓடப்பட்ட 42.195 கிலோமீட்டர் 1921இல்தான் நிலையான அளவாக வகுக்கப்பட்டது. சௌகுலே அந்நெடும்பாதையை 2 மணி 50 நிமிஷம் 45 விநாடியில் ஓடி 19ஆவதாக வந்தார். டாட்டாவின் கைக்கடிகாரக் கணிப்பு வீண்போகவில்லை.

கணக்கு எப்போதும் இவ்வாறு கைகொடுப்பதில்லை. 1952இல் ஹெல்சிங்கியில் நடந்ததைப் பாருங்கள். ஆங்கிலேயர் ஜிம் பீட்டர்ஸ் ஆறு வாரங்களுக்கு முன்புதான் 2 மணி 20 நிமிஷம் 42 விநாடியில் ஓடி, அதுவரை எவரும் காணாத காலத்தைக் கண்டிருந்தார். காகிதத்தில் வெற்றி அவருடையதே. செக்கோஸ்லோவேகியரான எமில் ஸாட்டபெக்கோ அதற்குமுன் மாரத்தான் ஓடியவரே அல்லர். ஓடும்போதே பீட்டர்ஸை அணுகி, இவ்வேகம் சரிதானா என்று வினவினார். வேகம் போதாது என்று அவர் ஏளனமாக விடை பகர, ஸாட்டபெக் அதை மெய்யென்று கொண்டு முன்னேறிவிட்டார். பீட்டர்ஸ் ஏறக்குறைய 20 மைலில் தசைப்பிடிப்பால் விலகினார்; ஸாட்டபெக் 2 மணி 23 நிமிஷம் 3 விநாடியில் வென்றார். அதே பந்தயத்தில் நம் நாட்டுச் சூரத் சிங் மாத்தூர் 2 மணி 58 நிமிஷம் 9 விநாடியில் ஓடி முடித்தார்; சுதந்திர இந்தியாவின் சார்பில் ஒலிம்பிக் மாரத்தானை முடித்த முதல்வர் அவரே.

அந்த 20 மைல் என்னும் இடத்துக்கு உடலியல் தரும் விளக்கம் ஒன்றுண்டு. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 60 கலோரி செலவாகும். முழுத் தூரத்துக்கு 2,500 கலோரி வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் மாவுப்பொருளாகச் சேர்த்து வைத்திருப்பதோ சுமார் 2,000 கலோரி. எஞ்சியதைக் கொழுப்பு ஈடுசெய்ய வேண்டும். கொழுப்போ மெதுவாக எரிவது. தொடக்கத்தில் விரைந்தவர் மாவுப்பொருளை முன்னதாகவே தீர்த்துவிடுகிறார். நம் சாலையில் சொல்வதானால், களியக்காவிளை எல்லையருகே கால்கள் ஈயமாகிவிடும்.

1977இல் பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் கென்னெலியின் விதியைத் திருத்தினார். தூரம் இரட்டித்தால் காலம் 2.085 மடங்கு என்பது அவர் கணிப்பு. 2 மணிக்காரர்க்கு அது 4 மணி 10 நிமிஷம் என்று வாக்களிக்கிறது. ஓட்டக்காரர் கையாளும் கணிப்பான்களுட் பலவற்றுக்கு இதுவே மூலம். நாமும் நாற்பதைக் கடந்த வயதில், பெருநகர் ஒன்றில், இந்த 4 மணி 10 நிமிஷத்தை நம்பிப் புறப்பட்டோம். 31ஆவது கிலோமீட்டரில் ஓட்டம் நடையாயிற்று. அதற்குமேல் விரிப்பானேன்?

குறை ரீகலுடையதன்று. தம் விதி மூன்றரை நிமிஷம் முதல் 230 நிமிஷம் வரையிலான பந்தயங்களுக்கே பொருந்தும் என அவர் 1981இல் தெளிவாகவே வரையறுத்திருந்தார். 230 நிமிஷம் என்பது 3 மணி 50 நிமிஷம். நான்கு மணி நேரத்தார்க்கு அவ்விதி வகுக்கப்படவேயில்லை! 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பொழுதுபோக்காக ஓடுவோருள் பாதிப்பேர்க்கு இக்கணிப்பு 10 நிமிஷமோ அதற்கு மேலுமோ குறைத்துக் காட்டுகிறது என்று கண்டது. கென்னெலிக்கும் ரீகலுக்கும் இடையே உள்ள வேறுபாடு, 2 மணிக்காரர் விஷயத்தில், ஏறக்குறைய பதினொன்றரை நிமிஷம். குதிரையை வைத்து எழுதிய பழங்கணக்கே நம் போன்றோர்க்கு நேர்மையானதாகத் தோன்றுகிறது.

ஆகவே 4 மணியில் முடிக்க விழைபவர், பாதித் தூரத்தை 1 மணி 50 நிமிஷத்தில் ஓட வல்லவரா என்று முதலில் சோதிப்பது தக்கது. பயிற்சியின்றி எவ்விதியும் செல்லாது. வாரத்தில் ஒருநாள் நெடிய, மெதுவான ஓட்டம். அதனைச் சிறிது சிறிதாக நீட்டி 30 கிலோமீட்டர் வரை கொண்டுசெல்லுதல். பந்தயத்துக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் குறைத்துக்கொள்ளுதல். கரமனையிலிருந்து பாலராமபுரம் நெசவுத் தெருக்கள் வரை சென்று திரும்பினால் 20 கிலோமீட்டருக்குக் குறையாது. 2016இல் பம்பாய் மாரத்தானில், தோழர்க்கு வேகம் காட்டித் துணைசெய்ய மட்டுமே அமர்த்தப்பட்ட வயநாட்டுக்காரர் தோ. கோபி, விலகாது இறுதிவரை ஓடி 2 மணி 16 நிமிஷம் 15 விநாடியில் இந்தியருள் இரண்டாமவராக வந்து, ஒலிம்பிக் தகுதியும் பெற்றார். கணக்கு அவரைப் பட்டியலில் சேர்க்கவில்லை, பயிற்சி சேர்த்தது.

கணிப்பில் சேராதது இன்னொன்று, வெப்பம். கடலோரத்து ஈரக்காற்றில் வியர்வை ஆறுவதில்லை. கரமனைப் பாலத்திலிருந்து காலை 5 மணிக்குப் புறப்பட்டு, கென்னெலி சொன்னபடி கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் 12 விநாடி வீதம் ஓடுபவர், களியக்காவிளையை 8 மணி சுமாருக்கு அடைவார். வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். இன்னும் 12 கிலோமீட்டர் உண்டு. 4 மணிக்கே புறப்படுவது உத்தமம்.