பதிவழிவும் மீட்பும்: சப்பிரகமுவத் தோட்ட மக்களின் ஆவண வரலாறு

கணினியின் வன்தட்டு பழுதுறும்போது இருவகை இழப்புகள் நேர்கின்றன. தட்டே நனைந்தோ எரிந்தோ தேய்ந்தோ போவது ஒருவகை. தட்டு நலமாயிருக்க, எந்தக் கோப்பு எவ்விடத்தில் உள்ளது என்று காட்டும் அட்டவணை மட்டும் குழம்பிப்போவது மற்றொருவகை. பின்னையதில் எழுதப்பட்டவை அப்படியே இருக்கும். ஆயினும் கேட்பவருக்கு இல்லை என்றே விடை கிடைக்கும். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் 50 தட்டுகளில் ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளைச் சேமிக்கும் முதலாவது தட்டுச் சேமிப்பகத்தை வெளியிட்ட காலந்தொட்டு இவ்விரு இழப்புகளும் பொறியியலாளரோடு கூடவே வந்துள்ளன. 1970களின் பிற்பகுதியில் யுனிக்ஸ் முறைமைக்கென எழுதப்பட்ட சரிபார்ப்புச் செயல்நிரல், அட்டவணையையும் உள்ளடக்கத்தையும் ஒப்புநோக்கும். உள்ளடக்கம் இருந்தும் பெயரிழந்து நிற்கும் கோப்புகளை அது அழிப்பதில்லை. 'இழந்தவையும் கண்டெடுத்தவையும்' என்ற தனி அடைவிலே, பெயருக்குப் பதிலாக இலக்கமிட்டு வைக்கும்.

பதிவழிவு கணினியோடு பிறந்ததன்று. ஏட்டிலும் தாளிலும் அது நிகழ்ந்தபோது இழந்தது கோப்பாக அன்றி மனிதராக இருந்த வரலாறும் உண்டு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிற் குடியமர்ந்த தமிழ்த் தொழிலாளரின் வரலாறு அத்தகையது.

கோப்பிக் காலத்திலிருந்தே இம்மக்களைப்பற்றி ஏதோவொரு பதிவு எழுதப்பட்டே வந்தது. யாருடைய தேவைக்காக எழுதப்பட்டது என்பதே கேள்வி. கங்காணி முறையிலே 'துண்டு' என்றொரு சீட்டு வழங்கிற்று. தொழிலாளியின் கடன் தீர்க்கப்பட்டால் அவனை விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் சீட்டு அது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒருவனுடைய கடனை இத்துணைக் கருத்தாகப் பேணிய அமைப்பு அவன் பிறந்த நாளை அவ்வளவு கருத்தாகப் பேணவில்லை. அடுத்தது செக்ரோல். பிரட்டுக்களத்திற் கூடியோர் பெயரும் வேலை நாளும் அதில் ஏறும். கூலி கணக்கிடுதற்கு அது போதுமானது. அங்கே ஒரு பெயர் அடையாளம் காட்டினாற் போதும், முழுப்பெயராக இருக்கவேண்டியதில்லை. பிறப்பு இறப்புகளோவெனில் தோட்ட நிருவாகத்தின் வழியாகவே பதிவாளரைச் சென்றடைந்தன. பெற்றவர் வாயிற் பிறந்த பெயர் கணக்கப்பிள்ளையின் செவியையும் கிளாக்கரின் ஆங்கிலத்தையும் பதிவாளரின் எழுத்தையும் கடந்து ஏட்டிற் சேரும்போது வேறொன்றாகிவிடுவது அரிதன்று.

1948ஆம் ஆண்டுவரை இப்பிழைகள் பெருந்தீங்கு விளைக்கவில்லை. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தபின், அதற்கு முன்பே இலங்கையிற் பிறந்த ஒருவர் குடிமகனாவதற்குத் தந்தையேனும், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இந்நாட்டிற் பிறந்தமையைக் காட்டவேண்டியதாயிற்று. பிறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டதோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே. எழுதப்படாத ஏட்டினைக் கொண்டுவரும்படி கேட்டதற்கு ஒப்பானது இது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாக்கித்தானிய வதிவோர் சட்டமும் 1946 சனவரிக்கு முற்பட்ட தொடர்ச்சியான வதிவினை, மணமானோருக்கு ஏழாண்டும் மணமாகாதோருக்குப் பத்தாண்டும், நிறுவுமாறு வேண்டிற்று. கூலிக்கென எழுதிய செக்ரோல் இப்போது குடியுரிமைக்குச் சான்றாக நிற்கவேண்டியிருந்தது. 1951 ஆகத்து 5இல் முடிவுற்ற தவணைக்குள் வந்த விண்ணப்பங்கள் 2,37,034; அவற்றுள் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர். குடியுரிமை பெற்றோரோ ஏறத்தாழ 1,34,000 பேரே.

இச்சட்டங்களை எதிர்த்து எழுந்த புகழ்பெற்ற வழக்கு கேகாலை மாவட்டத்தின் ருவான்வெல்லைத் தொகுதியிலிருந்து வந்தது என்பதைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. தமது பெயரைத் தேருநர் இடாப்பிற் சேர்க்குமாறு கோடாக்கன்பிள்ளை 1950இல் விண்ணப்பித்தார். குடிமகன் அல்லர் என்று அது மறுக்கப்பட்டது. மீளாய்வு அலுவலர் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் அதனை நீக்கிற்று. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் சட்டம் செல்லுமென்றே கூறிற்று. அங்கே ஆராயப்பட்டது பாராளுமன்றத்தின் அதிகாரமாகும். ஆள் ஊரில் இருக்கிறார், உழைக்கிறார், இடாப்பில் மட்டும் இல்லை என்ற முரண்பாடு அவ்வழக்கின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது.

மேற்கூறியது அட்டவணைக் குழப்பம். பொருளே அழிந்த இழப்பும் இம்மாகாணத்திற்குப் புதிதன்று. நுவரெலியாவைப்போல் தோட்டத்தோடு தோட்டம் தொடுத்துக் கிடக்கும் நிலமன்று சப்பிரகமுவ. சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே சிதறிய தோட்டங்களில் தொழிலாளர் சிறுசிறு தொகையினராய் வாழ்ந்தனர். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் இது அவர்களுக்குப் பெருங்கேடாயிற்று. லயங்கள் எரிந்தபோது அங்கே தகரப்பெட்டியிற் காக்கப்பட்ட பிறப்புச் சான்றும் விண்ணப்பப் பற்றுச்சீட்டும் உடன் எரிந்தன. உயிர்தப்பி வவுனியாப் பக்கம் சென்றோர் பலர் தம்மை இன்னாரென்று காட்ட ஒரு தாளுமின்றியே சென்றனர். பின்னர் 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களு கங்கை பெருகி இரத்தினபுரியை மூழ்கடித்தது. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தது. பதிவகத்தின் ஏடு கறையானுக்கும் ஈரத்திற்கும் தப்பினால் அங்கே மறுபிரதி பெறலாம். தகரப்பெட்டிக்கு மறுபிரதி ஏது?

வன்தட்டுப் பழுதினை ஆராய்வோர் முதலிற் கைக்கொள்ளும் விதி ஒன்றுண்டு. பழுதுற்ற தட்டின்மேல் எதனையும் எழுதலாகாது. அதனை முழுவதும் படியெடுத்து, படியின்மீதே திருத்தம் செய்தல் வேண்டும். முன்பே வேறோரிடத்தில் காப்புப்பிரதி இருப்பின் இவ்விடர் பாதியாகும். இதனைப் புறக்கணித்தால் அரசும் தப்புவதில்லை. 2023 ஆகத்து 26இல் இலங்கை அரசின் மேகக் கணினியைப் பணயத் தீநிரல் தாக்கியபோது, மே 17 முதல் அன்றுவரை ஏறத்தாழ 5,000 முகவரிகளிற் சேர்ந்த மின்னஞ்சல்கள் மீட்கவியலாது போயின. அக்காலத்துக்குரிய காப்புப்பிரதி இருக்கவில்லை. எனினும் அவ்விழப்பிற்காக எந்த அலுவலரும் தாம் அலுவலரே என்று மெய்ப்பிக்கக் கேட்கப்படவில்லை. தோட்டத்துப் பதிவு அழிந்தபோது மெய்ப்பிக்கும் சுமை, பதிவை எழுதாதவன்மேல், பெரும்பாலும் எழுதவே அறியாதவன்மேல் விழுந்தது.

1992இல் தோட்ட முகாமை 22 கம்பனிகளிடம் சென்றபின் செக்ரோல் படிப்படியாகக் கணினியில் ஏறியது. பழைய பெயர்ப்பிழைகளும் அப்படியே ஏறின. பிழையானதைப் பிழையின்றிப் படியெடுப்பது கணினியின் இயல்பு. ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, பிறப்புச் சான்றில் மூன்றாவது ஒன்று என்று இருப்பவர், ஓய்வுபெறும் காலத்தில், மூவரும் தாமேயென்று சத்தியக் கடதாசி முடிக்கவேண்டியவராகிறார்.

மீட்பில் ஒருமுறை வேறுவழியும் கையாளப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் குடியுரிமை அளித்தது. பூட்டனின் பிறப்பினை அது கேட்கவில்லை. ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்தின் துணையோடு நடந்த பத்து நாள் இயக்கத்தில் ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமை பெற்றனர். அதன் பின்னும், பிறப்புப் பதிவே இல்லாத முதியோர் சிலர் பதிவகங்களுக்கு வரத்தான் செய்கின்றனர். ஏடுகளைத் தேடிப் பெயரில்லை என்று கண்டபின் அவர்களுக்குக் கிடைப்பது உத்தேச வயதுச் சான்றிதழ்.