கூடைப்பந்தும் உயரம் குறைந்த கார்டுகளின் வேலைவாய்ப்பும்

கூடைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, ஆட்டத்தை நடத்திச் செல்பவர் கார்டு எனப்படுகிறார். ஐவர் அணியில் பெரும்பாலும் இவரே உயரம் குறைந்தவர். விதிகளும் ஆடும் முறையும் மாறியபோதெல்லாம் இவருக்கான வாய்ப்பு கூடியும் குறைந்தும் வந்துள்ளது.

தொடக்க காலம்

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். கூடை 10 அடி உயரத்தில் இருந்ததால் நெட்டையருக்கு இயல்பாகவே சாதகம் இருந்தது. 6 அடி 10 அங்குல உயரமுள்ள ஜார்ஜ் மைக்கனின் ஆதிக்கத்தைக் குறைக்க, 1951இல் என்.பி.ஏ. கூடைக்கு முன்னுள்ள கட்டத்தின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கியது. 1954இல் 24 வினாடி விதி வந்தது. பந்தைப் பிடித்துவைத்து நேரம் கடத்த முடியாமல் போனதால் வேகமான கார்டுகளின் தேவை கூடியது.

மூன்று புள்ளிக் கோடு

என்.பி.ஏ. 1979-80 பருவத்திலும் உலகக் கூட்டமைப்பு 1984இலும் மூன்று புள்ளிக் கோட்டைக் கொண்டுவந்தன. முதல் பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 3 முறைகூடத் தொலைவிலிருந்து எறியவில்லை. இன்று அது சுமார் 35 முறை. 5 அடி 3 அங்குலமே இருந்த மக்சி போக்ஸ் 1987 முதல் 14 பருவங்கள் ஆடினார். தடுப்பவர் கையால் தள்ளிப் பிடிப்பதை 2004-05 பருவம் முதல் நடுவர்கள் கண்டிப்புடன் தண்டித்ததும் சிறிய கார்டுகளுக்கு உதவியது. 5 அடி 9 அங்குல ஐசையா தாமஸ் 2016-17இல் ஆட்டத்துக்குச் சராசரியாக 28.9 புள்ளிகள் எடுத்தார்.

அதே மாற்றம் அடைத்த கதவு

ஐவரும் தொலைவிலிருந்து எறியத் தொடங்கியதும், தடுப்போர் ஒருவர் ஆளை மற்றவர் மாற்றிப் பிடிக்கும் முறை பரவியது. எதிரணி திட்டமிட்டு, உயரம் குறைந்தவர் தன்னைவிட அரை அடிக்கு மேல் உயரமானவரைத் தடுக்கும் நிலையை உண்டாக்குகிறது. ஆகவே எறியவும் தடுக்கவும் தெரிந்த 6 அடி 5 அங்குல கார்டுகளையே அணிகள் நாடுகின்றன. தாமஸ் இடுப்புக் காயத்துக்குப் பின் எந்த அணியிலும் நிலைக்கவில்லை. எனினும் வழி முற்றிலும் அடைபடவில்லை. ஜப்பானின் 172 செ.மீ. உயர யூகி கவாமுரா, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக 29 புள்ளிகள் எடுத்தார். அதே ஆண்டு மெம்பிஸ் அணியில் இடம் பெற்றார்.

தமிழ்நாட்டின் நிலை

சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இங்கு விளையாட்டுப் பயிற்சிக்கு அடித்தளமிட்டது. நம்மவருக்குக் கூடைப்பந்து தரும் பிழைப்பு பெரும்பாலும் தொழில்முறை ஒப்பந்தம் அன்று. ரயில்வே, வங்கி, காவல்துறை போன்றவற்றில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான். தென்னக ரயில்வே நல்ல எடுத்துக்காட்டு. 6 அடி 2 அங்குல உயரமுள்ள கேரளத்தின் கீது அன்னா ஜோஸ் அங்கு பணியாற்றினார். ஆட்டத்தில் கார்டு இடம் வகித்த சென்னையின் அனிதா பால்துரையும் அங்குதான் பணியாற்றினார். இந்திய அணித் தலைவராக இருந்த அனிதாவுக்கு 2021இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஒரே நிறுவனம் நெட்டையருக்கும் கார்டுக்கும் வேலை தந்தது.

இத்தகைய வேலைக்கு மாநில, தேசியப் போட்டிகளில் ஆடியதற்கான சான்றும் பதவிக்குரிய கல்வித் தகுதியும் வேண்டும். சிக்கல் அதற்கு முன்பே, பள்ளி அணித் தேர்வில் தொடங்குகிறது. வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் நெட்டையானவரே முதலில் கண்ணில் படுகிறார். சங்கராபுரம் போன்ற ஊர்களிலோ கல்வராயன் மலையடிவாரத்திலோ உள்ள சிறிய பள்ளிகளில் குட்டையான பிள்ளை அங்கேயே ஒதுக்கப்பட்டால், மாவட்டப் போட்டிக்கே போக முடியாது. வேலைக்கான சான்றும் கிடைக்காது.

குட்டையான பிள்ளையின் உயரத்தை ஆசிரியரால் கூட்ட முடியாது. ஆனால் இரு கைகளாலும் பந்தைத் தட்டவும், தொலைவிலிருந்து தவறாது எறியவும், தாழ்ந்து நின்று தடுக்கவும் கற்றுத்தர முடியும். ஆட்டமுறை எப்படி மாறினாலும் கார்டுக்கு இம்மூன்றும் தேவைப்பட்டே வந்துள்ளன. இவற்றோடு பாடப்புத்தகத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டால், ஆட்டம் முடிந்த பிறகும் வேலை கைகொடுக்கும்.