நத்தத்துக்குத் தீர்வை கிடையாது

பாளையங்கோட்டை நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "டெக்சஸ்ல இருக்கிற என் மகன், குடியிருக்கிற வீட்டுக்குன்னு ஒரு ஃபாரம் கொடுத்து வரியில கழிவு வாங்கிட்டான். நம்ம ஊர்ல அப்படி உண்டுமா?"

அங்கே அதுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு என்று பேர். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும்தான். திருநெல்வேலி மாநகராட்சியில் குடியிருக்கிறோம் என்ற காரணத்துக்காக மட்டும் சொத்துவரி விலக்கு கிடையாது. 2022 உயர்வில்கூட 600 சதுர அடிக்குள் இருந்த வீட்டுக்கு 25 சதவீதம் ஏறியது, 1,800க்கு மேல் போனால் 100 சதவீதம். சின்ன வீட்டுக்குக் கொஞ்சம் கருணை, அவ்வளவுதான். மும்பையில் அதே வருஷம் 500 சதுர அடி வரையான வீடுகளுக்கு வரியையே எடுத்துவிட்டார்கள்.

ஆனா குடியிருக்கும் மண்ணுக்கு வரி போடாத வழக்கம் நமக்கு ரொம்பப் பழசு. 1010இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்க. கோயிலுக்கு விட்ட ஒவ்வொரு ஊரின் மொத்த நிலத்தையும் சொல்லி, அதிலிருந்து முதலில் சிலதைக் கழிக்கிறார்கள்: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு. இதெல்லாம் இறையிலி. மிச்சத்துக்குத்தான் இறை. விலக்கு எல்லாருக்கும் உண்டு, ஆனா குடியிருப்பு தனித்தனி என்பதும் அந்த ஒரே பட்டியலில் தெரிஞ்சிடுது. அந்த ராஜராஜனின் ஆட்சி தாமிரபரணிக் கரைக்கும் வந்தது. நம்ம சேரன்மகாதேவிக்கு அப்போ நிகரிலி சோழ சதுர்வேதிமங்கலம் என்று பேர். சோழர் காலத்தைச் சொர்க்கம் என்று நினைச்சிட வேண்டாம். மனை இறை, தறி இறை, செக்கிறை எல்லாம் வேறு கல்வெட்டுகளில் வருது.

வெள்ளைக்காரன் ரயத்துவாரியிலும் இந்த வழக்கம் தப்பிப் பிழைத்தது. ஆத்துப் பாசன நஞ்சையை வயல் வயலாக அளந்து, நம்பர் கொடுத்து, பட்டாதாரர் பேர் எழுதி, தீர்வை போட்டார்கள். நத்தத்தை விட்டுவிட்டார்கள். வினை அங்கேதான் வந்தது. தீர்வை இல்லாததால் யார் பேரையும் எழுதவில்லை; கணக்கில் மொத்தமாக ஒரே நம்பர், 'கிராம நத்தம்'. வயல் வைத்திருந்தவனிடம் பட்டா இருந்தது. குடிசை மட்டும் வைத்திருந்தவனிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நத்தம் அரசு நிலம் அல்ல, குடியிருப்பவனுடையதுதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டி வந்ததே இதனால்தான்.

டவுன் பக்கம் கதை வேறு. 1866இல் திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் நகராட்சி ஆனதும் வீட்டுத் தீர்வை வந்தாச்சு. கட்டினவன் கையில் ரசீது இருந்தது. இன்னைக்கும் நம்ம ஊரில் பெரியவங்க தீர்வை ரசீதை டிரங்குப் பெட்டியில் பத்திரமா வைக்கிறதுக்குக் காரணம் இருக்கு. அது உரிமைப் பத்திரம் ஆகாது, ஆனா இந்த வீட்டில் இருந்தோம் என்பதற்குச் சாட்சி.

1980களின் கடைசியில்தான் நத்தம் நிலவரித் திட்டம் என்று கிளம்பி, நத்தத்தை வீடு வீடாக அளந்து 'தோராயப் பட்டா' கொடுத்தார்கள். ஆயிரம் வருஷம் வரி இல்லாமல் கிடந்த மண்ணுக்குப் பேர் கிடைத்தது, வரி போடும் திட்டத்தால்.

நேயருக்கு ஒண்ணு சொல்றேன். உங்க பூர்வீக வீடு கிராமத்து நத்தத்தில் இருந்தால், அந்தத் தோராயப் பட்டா யார் பேரில் இருக்குன்னு முதல்ல பாருங்க. தாத்தா பேரிலேயே நிற்குதுன்னா, வாரிசுச் சான்றிதழோட தாலுகா ஆபீஸுக்குப் போயிட்டு வந்துருங்க.