ஓடுதளப் பந்தயமும் பட்டறைக் கலையும்

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், போர்த் தேவைக்காக அவசர அவசரமாகப் போடப்பட்ட நூற்றுக்கணக்கான விமானத்தளங்கள் இங்கிலாந்தில் வேலையற்றுக் கிடந்தன. அதே வேளையில் அந்நாட்டின் கார்ப் பந்தயக்காரர்களுக்கு வண்டி ஓட்ட ஓரிடமும் இல்லை. கார் ஓட்டத்திற்கென்றே 1907இல் கட்டப்பட்ட புரூக்லண்ட்ஸ் களம் போரின்போது விமானத் தொழிற்சாலையின் பிடிக்குள் சென்று, 1946இல் விக்கர்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டது. டோனிங்டன் களத்தை இராணுவம் வாகனக் கிடங்காக வைத்திருந்தது. பொதுச்சாலையில் பந்தயம் நடத்துவதற்கோ பிரிட்டனின் சட்டம் இடங்கொடுக்கவில்லை. இந்நிலையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மோட்டார் கழகத்தினர் 1946 ஜூனில் கிரான்ஸ்டன் லாட்ஜ் என்னும் விமானத்தளத்தில் பந்தயம் நடத்தி வழிகாட்டினர். சில்வர்ஸ்டோன், ஸ்னெட்டர்டன், காசில் கோம், த்ரக்ஸ்டன் என்று பிற்காலத்தில் புகழ்பெற்ற களங்கள் பலவும் இவ்வாறு போர் விட்டுச்சென்ற தளங்களில் உருவானவையே. இதே கதைதான், சில ஆண்டுகள் கழித்து, சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் நடந்தது.

விமானத்தளம் பந்தயக்களமாவதற்குத் தேவைப்பட்டவை மிகக் குறைவு. விமானங்கள் இறங்கும் நீண்ட ஓடுதளங்களையும், அவற்றைச் சுற்றிச் செல்லும் சுற்றுச்சாலையையும் வைக்கோல் கட்டுகளாலும் எண்ணெய்ப் பீப்பாய்களாலும் இணைத்துவிட்டால் ஒரு சுற்று தயாராகிவிடும். சில்வர்ஸ்டோனில் 1948 அக்டோபரில் நடந்த முதல் பெரும் பந்தயத்தில், மஸராட்டி ஓட்டிய லூய்ஜி வில்லொரேசி வென்றார். அங்கே எதிரெதிர்த் திசையிலிருந்து இரு ஓடுதளங்களின் வழியே பாய்ந்து வந்த கார்கள் களத்தின் நடுவில் ஒன்றையொன்று நோக்கி வரும்படி பாதை அமைந்திருந்ததால், ஓட்டுநர்கள் மிரளாமலிருக்கக் கித்தான் திரைகளை இடையில் கட்டியிருந்தனர். பார்வையாளர் மேடை, வண்டிகளைப் பழுதுபார்க்கும் அறைகள், நிலையான கழிப்பிடம், குடிநீர்க் குழாய் முதலியன பெரும்பாலான தளங்களில் இல்லை. இந்த இல்லாமைதான் ஓடுதளப் பந்தயத்தின் இயல்பைத் தீர்மானித்தது: களம் எதையும் தராததால், வேண்டிய அனைத்தையும் வருபவரே கொண்டுவர வேண்டியிருந்தது, ஆகவே பந்தயத்தின் பெரும்பகுதி களத்துக்கு வெளியே, அதற்கு முந்தைய வாரங்களில், பட்டறைகளில் நடந்தது.

பணமில்லாதவர்களும் பந்தயம் ஓட்டலாம் என்ற எண்ணம் வேரூன்றியதும் இக்காலத்தில்தான். 1939இல் தொடங்கப்பட்ட 750 மோட்டார் கழகம், 1922 முதல் விற்பனையான ஆஸ்டின் செவன் என்னும் மலிவான சிறு காரையே அடிப்படையாகக் கொண்டது. அதன் உறுப்பினர்கள் அக்காரை வீட்டிலிருந்து களம்வரை சாலையில் ஓட்டிச்சென்று, முகப்பு விளக்குகளையும் சக்கரக் காப்புத் தகடுகளையும் கழற்றி வைத்துவிட்டுப் பந்தயம் ஓட்டி, மாலையில் மீண்டும் மாட்டிக்கொண்டு வீடு திரும்பினர். லோட்டஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த காலின் சாப்மன் இந்தப் பள்ளியிலிருந்து வந்தவர். மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பின்புறம் பொருத்திய 500 சிசி கார்களைச் செய்து விற்ற கூப்பர் தந்தையும் மகனும் முதல் காரைக் கட்டியபோது, இரண்டு ஃபியட் கார்களின் முன்பகுதிகளை வெட்டி எதிரெதிராக ஒட்டினர் என்பது அக்காலப் பட்டறை அறிவுக்கு நல்ல சான்று.

இந்தியாவில் பந்தயக் கழகங்கள் ஆங்கிலேய வணிக நிறுவனங்களின் அதிகாரிகளும் உள்ளூர் ஆர்வலர்களும் சேர்ந்து அமைத்தவை; அவற்றுள் 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நீடித்து நின்றது. கல்கத்தாவினர் பாரக்பூரிலும் பம்பாயினர் ஜுஹுவிலும் விமான ஓடுதளங்களை நாடியதைப் போலவே, மெட்ராஸ் கழகமும் செங்குன்றத்தைத் தாண்டி, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி, போர்க்காலத்தில் போடப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட சோழவரம் ஓடுதளத்தைத் தேர்ந்துகொண்டது. பாக் நீரிணைக்கு அப்பால், களுத்துறைக்கு அருகே பிரிட்டிஷ் கடற்படை விமானப் பிரிவு விட்டுச்சென்ற கட்டுக்குருந்தைத் தளத்திலும் பந்தயங்கள் நடந்தன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் கடுமையாவதற்கு முன்னுள்ள இடைவெளியே சோழவரத்துக்குரிய பருவமாயிற்று. அந்நாட்களில் நகரத்திலிருந்து பல்லாயிரம் பேர் திரண்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடுதளத்தின் ஓரத்தில் நின்று பார்த்தனர்.

அங்கே ஓடியவை எவ்வகைக் கார்கள் என்பதை விடுதலைக்குப் பிந்தைய பொருளாதாரக் கொள்கையே பெரும்பாலும் முடிவுசெய்தது. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்ததால், இந்தியர் வாங்கக்கூடிய கார்கள் நெடுங்காலம் மூன்றே வகையினவாக இருந்தன: உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர், பம்பாயில் பிரீமியர் நிறுவனம் செய்து பின்னாளில் பத்மினி எனப் பெயரிட்ட ஃபியட் 1100, வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் செய்த ஹெரால்டு. இவற்றுள் ஒன்றுகூடப் பந்தயத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதன்று. அம்பாசடர் கனமானது, ஹெரால்டின் பின்சக்கரங்கள் வேகமான திருப்பத்தில் உள்நோக்கி மடங்கிக்கொள்ளும் இயல்புடையவை, 1089 சிசி எஞ்சினும் ஒப்பளவில் குறைந்த எடையும் கொண்ட ஃபியட்டே பந்தயக்காரர்களுக்குப் பிடித்த வண்டியாயிற்று. வெளிநாட்டில் கடையில் கிடைக்கும் பந்தய உதிரிபாகங்கள் இங்கே கிடைக்காதபோது, அவற்றை லேத்திலும் வார்ப்படச் சாலையிலும் செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. களமும் வறியது, சந்தையும் வறியது என்ற இந்த இரட்டை நெருக்கடி மெக்கானிக்கின் கைக்கு இங்கிலாந்தில் இருந்ததைக் காட்டிலும் பெரிய இடத்தை அளித்தது.

மெக்கானிக்கின் வேலை ஹெட்டை இறக்குவதில் தொடங்கும். ஹெட் என்பது எஞ்சினின் மேல்மூடியாக அமைந்து, வால்வுகளையும் எரிபொருள் எரியும் அறைகளையும் தன்னுள் கொண்ட வார்ப்பு. அதன் அடிப்பரப்பைச் சிறிதளவு சீவியெடுத்தால், அறையின் கொள்ளளவு சுருங்கி, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை மேலும் அழுத்தப்பட்டு, விசை கூடும். ஆனால் மிகையாகச் சீவினால், அக்காலத்தில் கிடைத்த ஆக்டேன் குறைந்த பெட்ரோல், தானாகப் பற்றி வெடித்து, பிஸ்டனின் தலையில் ஓட்டை போட்டுவிடும். எவ்வளவு சீவலாம் என்பது எந்தக் கையேட்டிலும் எழுதப்படாத அனுபவ அறிவாக இருந்தது. அதன் பின், கலவை உள்ளே வரும் வழிகளையும் புகை வெளியேறும் வழிகளையும் எமரித் தாளால் தேய்த்து வழவழப்பாக்குவர். பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் தராசில் நிறுத்து, கூடுதல் எடையுள்ளவற்றை அரத்தால் குறைத்துச் சமப்படுத்துவர். கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளையுள்ள ஜெட் என்னும் சிறு பித்தளைத் திருகைப் பல அளவுகளில் துளையிட்டு ஒரு டப்பாவில் போட்டு வைப்பர். வண்டியின் உட்புறத்தில் பின் இருக்கை, தரை விரிப்பு, கதவுப் பலகை அனைத்தும் வெளியேறும். முன்னும் பின்னும் பம்பர் கழலும். சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி வண்டியைத் தாழ்த்துவதும் உண்டு.

பந்தய வரலாறுகளில் எஞ்சினுக்குக் கிடைக்கும் இடம் பிரேக்குக்குக் கிடைப்பதில்லை. ஓடுதளத்தைப் பொறுத்தவரை இது பெரும் குறை. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் கூர்மையான திருப்பம் வருவதே இக்களங்களின் அமைப்பாதலால், ஒவ்வொரு சுற்றிலும் வண்டி தன் உச்ச வேகத்திலிருந்து ஏறக்குறைய நடை வேகத்துக்கு இறங்க வேண்டியிருந்தது. அக்கால இந்தியக் கார்களில் இருந்தவை டிரம் பிரேக்குகள். அதாவது, சக்கரத்துடன் சுழலும் வார்ப்பிரும்புக் கிண்ணத்தின் உட்சுவரில் லைனிங் என்னும் உராய்வுப் பட்டை அழுந்தி வண்டியை நிறுத்தும் அமைப்பு. வெப்பம் கிண்ணத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பதால், சில சுற்றுகளில் லைனிங் பிடிப்பை இழந்து, மிதி தரைவரை போனாலும் வண்டி நிற்காத நிலை வரும். இதற்குப் பட்டறை கண்ட தீர்வுகள் எளியவை: சக்கர மூடியைக் கழற்றுதல், கிண்ணத்தின் பின்தகட்டில் துளையிட்டுக் காற்றுப் புகவிடுதல், கடினமான லைனிங்கை ஒட்டுதல். தட்டையான பரப்பில் மரமோ கட்டடமோ அடையாளமாக இல்லாததால், எங்கே பிரேக்கை மிதிக்க வேண்டும் என்பதை ஓட்டுநர் பீப்பாய்களையும் கான்கிரீட் பலகைகளின் இணைப்புக் கோடுகளையும் எண்ணி மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

பந்தய வார இறுதியின் முதற்சடங்கு ஸ்க்ரூட்டினி எனப்படும் வண்டிச் சோதனை. அமைப்பாளர்கள் நியமித்த சோதகர் ஸ்டியரிங்கை ஆட்டிப்பார்ப்பார், சக்கரத்தைக் கையால் அசைப்பார், பிரேக் குழாயில் கசிவு உண்டா என்று விரலால் தடவுவார், பேட்டரி இறுகக் கட்டப்பட்டுள்ளதா என்று பிடித்து இழுப்பார். விளக்குக் கண்ணாடி உடைந்தால் சில்லுகள் பாதையில் சிதறி மற்றவர் டயரைக் கிழிக்கும் என்பதற்காக அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டை ஒட்டுவதும், எஞ்சின் ஆயிலை வடிக்கும் திருகு அதிர்வில் கழன்று விழாதபடி கம்பியால் முறுக்கிக் கட்டுவதும் இச்சோதனையில் தேறுவதற்கான சிறு வேலைகள். முந்தைய இரவு எஞ்சினுக்குச் செலவழிந்த பொழுதில் இவற்றை மறந்தவர்கள், சோதகரிடமிருந்து திரும்பி வந்து கம்பிக்கும் குறடுக்கும் அலைவது எல்லா நாட்டுக் களங்களிலும் காணக்கூடிய காட்சி.

அடுத்து வரும் பயிற்சி ஓட்டத்தின் நோக்கம் வேகத்தைக் காட்டுவது மட்டுமன்று. எஞ்சினின் கலவையைச் சரிபார்ப்பதும் அப்போதுதான். ஓட்டுநர் நேர்ப்பாதையின் கோடியில் முழு வேகத்தில் இருக்கும்போதே இக்னிஷனை அணைத்து, கிளட்சை மிதித்து, வண்டியை ஓசையின்றி உருளவிட்டு ஓரங்கட்டுவார். மெக்கானிக் சூடு ஆறுமுன் எஞ்சினுக்குப் பொறி தரும் பிளக்கைக் கழற்றி, அதன் பீங்கான் முனையின் நிறத்தைப் பார்ப்பார். வெளிர்பழுப்பு நிறமானால் கலவை சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறுகிறது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகை. அதற்கேற்ப டப்பாவிலிருந்து வேறொரு ஜெட் எடுத்துப் பூட்டப்படும். அளவுக்கருவி ஏதுமற்ற இடத்தில், ஒரு நிறமே அளவுகோலாயிற்று.

இந்த அறிவு செறிந்திருந்த ஊர்களுள் கோயம்புத்தூருக்குத் தனியிடம் உண்டு. பஞ்சாலைகளுக்கும் நீரிறைக்கும் பம்புகளுக்கும் உதிரிபாகம் செய்யவே அங்கே வார்ப்படச் சாலைகளும் லேத்துப் பட்டறைகளும் பெருகியிருந்தன. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்ட ஜி. டி. நாயுடு, எந்திரத்தைக் கழற்றி ஆராயும் பழக்கத்தை ஊரின் பெருமையாகவே ஆக்கியிருந்தார். பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவர்தன் இச்சூழலின் வார்ப்பு. அவர் 1988இல் வடிவமைத்த ஃபார்முலா மாருதி, மாருதி 800இன் 796 சிசி எஞ்சினைக் குழாய்ச் சட்டகத்தில் பொருத்திய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்; வெளிநாட்டுக் காருக்கு வழியில்லாத இளைஞர்கள் அதன் மூலம் முறையான பந்தயத்துக்குள் நுழைந்தனர். 2005இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதியில் தொடங்கியவரே. கரிவர்தன் 1995இல் இலகு விமான விபத்தில் இறந்தார்.

சோழவரத்தைப் பற்றிய நினைவுகள் பெரும்பாலும் கோண்டல் அரச குடும்பத்தாரின் அயல்நாட்டுக் கார்களையும், 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஓட்டிய பழைய என்சைன் ஃபார்முலா 1 காரையுமே சுற்றி வருகின்றன. கூட்டம் அவற்றைக் காணவே வந்தது என்பது உண்மைதான். ஆயினும் தென்னிந்தியப் பந்தயத்துக்கு நிலைத்த பயன் தந்தவை, அதே நாளில் முன்னதாக ஓடிய, சலூன் எனப்படும் இந்தியக் குடும்பக் கார்களே; வாங்கி வந்த காரைப் பராமரிக்கக் கற்றதைவிட, வீட்டுக் காரை வேகமாக்கக் கற்றதில்தான் இங்கத்திய பட்டறைகள் தேறின.

ஓடுதளம் கழகத்தின் சொந்த இடமன்று என்பதால், ஆண்டுதோறும் அனுமதிக்காகக் காத்திருக்கும் நிலையும், நாளுக்கு நாள் பெருகும் கூட்டத்தைக் கயிற்றால் தடுத்து நிறுத்தும் ஆபத்தும் நெடுநாள் தொடரவியலாதவையாயின. மெட்ராஸ் கழகம் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான களத்தை அமைத்து 1990இல் திறந்தது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில், இலகு விமானங்களுக்கான ஓடுதளமாக இருந்த இடத்தில் பி. விஜயகுமார் அமைத்த 2.1 கிலோமீட்டர் களம், கரிவர்தனின் பெயரைத் தாங்கி 2003இல் வந்தது. ஒரே வகைக் கார்களே ஓடும் போட்டிகள் இக்களங்களில் பெருகியபோது, அவற்றின் எஞ்சின்களை யாரும் பிரிக்காதபடி அமைப்பாளர்கள் முத்திரையிடத் தொடங்கினர். ஹெட்டை இறக்கியவர் கையில் டயர்க் காற்றும் சக்கரக் கோணமும் ஸ்பிரிங்கின் இறுக்கமுமே எஞ்சின. செலவு மட்டுப்பட்டது, ஓட்டுநரின் திறமை தனித்துத் தெரிந்தது என்பதால் இம்மாற்றம் நியாயமானதே. பட்டறைக்கு அது இழப்பு என்பதும் அதே அளவு உண்மை. எஞ்சினைத் திருத்த இடந்தரும் இந்தியன் டூரிங் கார்ஸ் பிரிவில் பழைய வேலை தொடர்கிறது. ஜெட் டப்பா இருந்த இடத்தில் இப்போது மடிக்கணினி, பிளக்கின் நிறத்தைப் பார்த்த இடத்தில் புகைக்குழாயில் பூட்டிய ஆக்சிஜன் உணரி.