திப்பியும் உமியும்

ஜவ்வாது மலைக்குப் போகிறவர்கள் காவலூர் தொலைநோக்கியையும் பீமன் அருவியையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். எனக்கு நினைவில் நின்றது ஒரு உமிக் குவியல். ஜமுனாமரத்தூர் பக்கம் சாமை அரைக்கிற இடம். ஒருபக்கம் அரிசி, ஒருபக்கம் உமி. தரை காய்ந்து கிடந்தது. கழிவுநீர் வாய்க்கால் என்று ஒன்று இல்லவே இல்லை. ‘இதுல என்ன அதிசயம்?’ என்று கேட்கலாம். அதற்குத் தென்மேற்கே, சேலத்துக்குப் போக வேண்டும்.

மரவள்ளி பிரேசில் கிழங்கு. போர்த்துகீசியர் வழியாக வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதை ஏழைகளின் உணவாகப் பரப்பினார். 1942-இல் மலேயா ஜப்பானிடம் விழ, அங்கிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றது. அந்த இடைவெளியில்தான் சேலத்துக்காரர்கள் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தபோது அது பெரிய தொழிலாகியிருந்தது. ஆலைகளின் பசிக்குக் கொல்லிமலையின் சாமைக் காடுகள் பல மரவள்ளிக்கு மாறின.

கிழங்கைக் கழுவி, தோலுரித்து, அரைத்து, சலித்து, அந்தப் பாலைத் தொட்டியில் தெளியவிட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தண்ணீர். சலித்தபின் மிஞ்சும் சக்கை, அதாவது திப்பி, மாட்டுத் தீவனமாக விலைபோகும். தண்ணீரை யார் வாங்குவார்கள்? வயலுக்கும் ஓடைக்கும் போனது.

‘சாயப்பட்டறை தண்ணியா என்ன, கிழங்குத் தண்ணிதானே?’ இந்தச் சமாதானம்தான் சிக்கல். மாவுச்சத்து மண்ணில் இறங்கியதும் நுண்ணுயிர்கள் விருந்து வைக்கின்றன. மண்ணின் ஆக்சிஜனைத் தீர்க்கின்றன, வேர் மூச்சு முட்டுகிறது. சாப்பாட்டில் கரிமம் ஏராளம், தழைச்சத்து கொஞ்சம். குறைவதை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன, பயிர் வெளிறுகிறது. புளித்த நீரின் அமிலமும் கிழங்கின் சயனைடும் தனி. பாசன நிலத்தில் விடும் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்திய விதி. சுத்திகரிக்காத ஜவ்வரிசி ஆலை நீரில் அது சில ஆயிரம்.

தீர்வு இல்லாமல் இல்லை. இதே நீரை மூடிய கலனில் புளிக்கவைத்தால் எரிவாயு கிடைக்கிறது. சேலம் பக்கத்து ஆலைகள் பலவும் அதைச் செய்கின்றன. முறையாகச் சுத்திகரித்த நீர் பாசனத்துக்கும் ஆகும். ஆனால் மண் புளித்து, கிணறு நாறியபிறகு கற்ற பாடம் அது.

ஜவ்வாதில் சாமை இன்னும் விளைகிறது. உமி நீக்கத் தண்ணீர் தேவையில்லை. நாளைக்குச் சிறுதானிய மவுசில் மாவு, நூடுல்ஸ், பானம் என்று ஆலைகள் மலையேறலாம். வரட்டும், மலைக்காரர்களுக்கும் வருமானம் வேண்டும். ஆனால் செய்யாறு பிறப்பது இந்த மலையில். மேலே விடுகிற தண்ணீர் கீழே இருக்கிறவர்களின் வயலுக்குத்தான் வரும். முதல் ஆலைக்குக் கடைக்கால் தோண்டும் முன்பே கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்டாக வேண்டும். சேலத்தில் அதைக் கேட்பதற்குள் பல வருடங்கள் போய்விட்டன.