‘நேட்டிவ்’ என்கிற சொல்

சொற்களுக்கும் ஜாதகம் உண்டு. குடிசையில் பிறந்து கோபுரம் ஏறிய சொற்களும் உண்டு. அரண்மனையில் பிறந்து தெருவுக்கு வந்த சொற்களும் உண்டு. பண்ணையடிமையின் பெயராக இருந்து, பிறகு துரைமார்களின் வாயில் இளக்காரமாக வளர்ந்து, கடைசியில் நம்முடைய ரயில் பிரயாணப் பேச்சில் பாசமும் பெருமையுமாக வந்து உட்கார்ந்துகொண்ட இங்கிலீஷ் சொல் ஒன்று இருக்கிறது. அதுதான் ‘நேட்டிவ்’.

“ஸாருக்கு நேட்டிவ் எது?” என்று கேட்காத சகபிரயாணி நம் பக்கத்தில் அபூர்வம். “நேட்டிவ் திருநெல்வேலிப் பக்கம், இப்போது இருப்பது தாம்பரத்தில்” என்று பதிலும் உடனே வரும். இங்கிலீஷ்காரன் காதுக்கு இது விநோதமாகத்தான் படும். அவனுக்கு நேட்டிவ் என்பது ஊர் அல்ல. ஊரிலே பிறந்த ஆள். ‘நேட்டிவ் பிளேஸ்’ என்பதன் வாலை நறுக்கிவிட்டு, ஆளைக் குறித்த சொல்லை ஊருக்கே பெயராக வைத்துவிட்டவர்கள் நாம். கல்லூரியில் இடம் கேட்கும் பையன் தாசில்தாரிடம் வாங்கும் ‘நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட்’ இன்னும் வேடிக்கை. அந்தச் சொல்லைக் கேட்டால் இங்கிலீஷ்காரனுக்கு முதலில் நினைவு வருவது ஏசுநாதர் பிறந்த மாட்டுக் கொட்டில்!

லத்தீனில் ‘நாஸ்கி’ என்றால் பிறத்தல். அதிலிருந்து வந்தது ‘நாத்திவுஸ்’, அதாவது பிறவியால் ஆனவன். ‘நேஷன்’, ‘நேச்சர்’ ஆகியவையும் அதே வயிற்றுப் பிள்ளைகள்தாம். வெகுளியைக் குறிக்கும் ‘நாயீவ்’ என்ற சொல்கூட, பிரெஞ்சு வழியாக வந்த அதே குடும்பத்து உறவு.

இடைக்கால இங்கிலாந்தின் சட்ட ஏடுகளில் ‘நாத்திவுஸ்’ என்றால் பிறவிப் பண்ணையாள். தகப்பன் பிரபுவின் நிலத்துக்குக் கட்டுப்பட்டவன் என்றால் மகனும் கட்டுப்பட்டவன். ஓடிப்போனால் பிடித்துக்கொண்டு வரத் தனியாக ஒரு ரிட்டு உண்டு. அவனுக்கு ஊர் சொந்தமில்லை. அவன்தான் ஊருக்குச் சொந்தம். இங்கிலாந்தில் பண்ணையடிமை முறை மெல்ல மெல்லத் தேய்ந்தபிறகு சொல்லின் கறையும் அங்கே மறைந்தது. விட்ஸ்டபிள் கடற்கரைச் சிப்பியைக்கூட ‘நேட்டிவ்’ என்று சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்கள்.

ஆனால் அதே சொல் கப்பலேறிக் கீழ்த்திசைக்கு வந்ததும் பழைய வாடை திரும்பிவிட்டது. 1833ஆம் வருஷத்துச் சாசனச் சட்டம், இந்நாட்டு நேட்டிவ் எவரையும் மதம், பிறந்த இடம், வம்சம், நிறம் இவற்றை மட்டும் காரணமாகக் காட்டிக் கம்பெனி உத்தியோகத்திலிருந்து விலக்கக் கூடாது என்று சொன்னது. ஏட்டில் அழகாகத்தான் இருந்தது. நடைமுறையில் நேட்டிவ் பட்டாளம், நேட்டிவ் சமஸ்தானம் என்று, இரண்டாம் தரமான எதற்கும் அந்தச் சொல் அடைமொழியாயிற்று. 1883இல் இல்பர்ட் மசோதா, நேட்டிவ் நீதிபதி வெள்ளைக்காரரை விசாரிக்கலாம் என்றபோது துரைமார்களும் துரைசானிகளும் கொதித்து எழுந்தார்கள். மசோதாவைப் பாதியாக வெட்டிய பிறகே 1884இல் அது சட்டமாயிற்று.

1870ஆம் வருஷத்துச் சட்டமோ ‘நேட்டிவ்’ யார் என்றே இலக்கணம் வகுத்தது. இந்தியாவில் பிறந்து, இங்கேயே குடியிருந்து, தற்காலிகமாக வந்து தங்காத பெற்றோருக்குப் பிறந்த எவரும் நேட்டிவ்தான். இந்த வலையில் ஆங்கிலோ-இந்தியரும் விழுந்தார்கள். உத்தியோகக் கணக்கில் அவர்கள் நேட்டிவ். நாட்டைக் காக்கத் துப்பாக்கி தூக்க வேண்டுமென்றால் ஐரோப்பியர். ஒரே உடம்புக்குச் சர்க்கார் இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தது!

நம்மவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டுக் கூனிக் குறுகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் கஜூலு லட்சுமிநரசு செட்டி 1852இல் ஸ்தாபித்த சங்கத்தின் பெயரே ‘மதராஸ் நேட்டிவ் அசோசியேஷன்’. வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்த கொடுமையைப் பார்லிமெண்டு வரைக்கும் கொண்டுபோன சங்கம் அது. விசாரணைக் கமிஷன் ஏற்பட்டு, 1855இல் அறிக்கையும் வந்தது. தென்னாப்பிரிக்காவிலும் 1912இல் கறுப்பு மக்கள் கூட்டிய காங்கிரஸின் பெயரில் ‘நேட்டிவ்’ இருந்தது. மறுவருஷமே ‘நேட்டிவ்’களின் நிலச் சட்டம் வந்து, பிறந்த மண்ணில் சுமார் நூற்றுக்கு ஏழு பங்கை மட்டும் அவர்களுக்கென்று ஒதுக்கியது. 1923இல் அந்தக் காங்கிரஸ் ‘நேட்டிவ்’ என்பதை உதறிவிட்டு ‘ஆப்பிரிக்க’ என்று பெயர் சூட்டிக்கொண்டது. இங்கே ராணுவப் படைகளின் பெயரிலிருந்து ‘நேட்டிவ்’ நீங்கியது 1885இல். நம் காங்கிரஸ் பிறந்ததும் அதே வருஷம்தான்.

துரை போனான், சொல் நம்மிடம் தங்கிவிட்டது. வசவைக் கழுவித் துடைத்து ஊர்ப்பாசமாக மாற்றிக்கொண்டோம். அதுவரை சந்தோஷம். ஆனால் “நேட்டிவ் எது?” என்று கேட்டுவிட்டு, “அங்கே எந்தத் தெரு?” என்று அடுத்த கேள்வி போடுகிறவர்களைப் பாருங்கள். ஊரை விசாரிக்கிற சாக்கில் அவர்கள் தேடுவது ஜாதியை. பிறப்பைக் கொண்டு ஆளை அளக்கிற பழைய பண்ணைப் புத்தி, இன்னும் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துதான் இருக்கிறது.

பிறப்புக் கணக்கு எவ்வளவு கொடியது என்பதை இலங்கை மலைத் தோட்டங்களில் பார்க்கலாம். தேயிலை தளிர்த்தது நம்மவர் முதுகு வளைந்ததனால். 1948ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம், “உன் தகப்பன் இங்கே பிறந்தானா? இல்லையென்றால் பாட்டனும் பூட்டனுமாவது பிறந்தார்களா? காகிதத்தைக் காட்டு” என்று கேட்டது. லயத்தில் பிறந்தவர்களுக்குக் காகிதம் ஏது? லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். 1964இல் இரண்டு சர்க்கார்களும் உட்கார்ந்து, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தன. அங்கேயே எஞ்சிநின்ற இந்திய வம்சாவளியினருக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்தான்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் மண் மனிதனைப் பிடித்து வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. மலைநாட்டில் மனிதன் மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றான். காகிதம் அவன் விரல்களைப் பிரித்துவிட்டது. இரண்டு இடத்திலும் கேட்கப்பட்டது, ‘நீ யாருக்குப் பிறந்தாய்?’ என்ற ஒரே கேள்விதான்.

தமிழில் நாம் ‘சொந்த ஊர்’ என்கிறோம். அதில் பிறப்பு என்ற பேச்சே இல்லை. வாழ்க்கைப்பட்டு வந்த பெண், புகுந்த ஊரையே தன் ஊராக்கிக்கொள்கிறாள். அவளிடம் யாரும் சர்ட்டிபிகேட் கேட்பதில்லை. உழைத்த இடமும் உறவான இடமும் சொந்த ஊராகலாம் என்று ஒப்புக்கொள்கிற சொல் அது. ‘நேட்டிவ்’வை ரயிலோடு விட்டுவிட்டு, அதையே வைத்துக்கொள்ளலாம்.